ஷோகேஸில் ஒரு கிண்ணம் உப்பு

போன வாரம் மழை விட்ட மறுநாள் அப்பாவிடமிருந்து போன். அவர் போனில் பேசுவதே அபூர்வம். ஹலோ கூடச் சொல்லவில்லை.

“பந்து நனைஞ்சிட்டுதும்மா. உங்கம்மா சாப்பிட மாட்டேங்குறா. ஒரு எட்டு வந்துட்டுப் போ.”

எந்தப் பந்து என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பந்துகள் நிறைய. ஆனால் அம்மா சாப்பிடாமல் இருப்பதென்றால், அது ஒரே ஒரு பந்துதான்.

சென்னையிலிருந்து பஸ் பிடித்து மரக்காணத்தில் இறங்கும்வரை மனதுக்குள் பட்டியல் போட்டுக்கொண்டே வந்தேன். கூரை ஒழுகியிருக்குமா? சுவரில் ஓதமா? கதவு சரியாக மூடவில்லையா? தொழிற்சாலைக் கருவிகளோடு மல்லுக்கட்டுவது என் வேலை. கோளாறு என்றால் காரணங்களை முதலில் வரிசையில் நிற்கவைத்துவிடுவேன். பதற்றத்துக்கு அது நல்ல மருந்து.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் அண்ணன் ஜெரோமைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாக — உப்பு லாரி புக்கிங் ஆபீசில் வேலை, வாலிபால் பைத்தியம், இரண்டு வருடத்துக்கு முன்னால் ஈ.சி.ஆரில் பைக்கில் போனவன் வீடு திரும்பவில்லை.

அவனுக்கு ஒரு பழக்கம். எங்கள் கடற்கரை ஊர்களில் திருவிழா என்றால் வாலிபால் டோர்னமென்ட் இருக்கும். வெளியூர் டீம்கள் வரும். மேட்ச் முடிந்ததும் எல்லாரும் பிரியாணிக்கு ஓடுவார்கள். இவன் மட்டும் கையில் மார்க்கரோடு ஆட்டக்காரர்களின் வேன் பக்கத்தில் நிற்பான். பந்து, ஜெர்சி, தொப்பி, முட்டியில் மாட்டும் உறை... எது கிடைத்தாலும் அதில் ஒரு கையெழுத்து.

“கிரிக்கெட்காரன் கையெழுத்துன்னாலாவது நாலு பேரு வாயப் பொளப்பான். இவனுங்கள இவனுங்க தெருவுலயே தெரியாதுடா!” என்று அவனுடைய சிநேகிதர் ஸ்டீபன் ஓட்டுவார்.

“அதுக்குத்தான்டா வாங்குறேன். வேற எவன் இவனுங்ககிட்ட கேக்கப் போறான்?” என்பான் அண்ணன்.

எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்தன. வீட்டை இடித்துக் கட்டும்போது ஹாலில் ஷோகேஸ் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வீடு இன்னும் அதே வீடுதான். ஷோகேஸ் மட்டும் வந்துவிட்டது, இந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு முன்னால்.

டிசைன் என்னுடையது. வெயில் விழாத சுவர். சூடு தராத எல்.இ.டி. விளக்கு. இரும்பு ஆணி கூடாது, பித்தளை ஸ்க்ரூ மட்டும். எங்கள் ஊர்க் காற்றில் கேட்டின் கீல் கூட வருடம் தாங்காது. ஈரத்தை உறிஞ்ச மூலைக்கு மூலை சிலிக்கா ஜெல் பாக்கெட்.

நடுத்தட்டில் அந்தப் பந்து.

அதில் பெரிய ஆட்டக்காரர் யாரும் இல்லை. ஒருமுறை எங்கள் பங்குக் கோயில் டீமில் ஒருவனுக்குக் காய்ச்சல் வர, ஆள் இல்லாமல் அண்ணனைக் களத்தில் இறக்கினார்கள். அவன் ஆடிய ஒரே மேட்ச். நன்றாகத் தோற்றார்கள். தோற்ற டீம் மொத்தமும் அந்தப் பந்தில் கையெழுத்துப் போட்டது. ஜெரோமும் போட்டான். ஊரெல்லாம் கையெழுத்து வாங்கியவன், ஆட்டக்காரனாகப் போட்ட ஒரே கையெழுத்து. அன்றைக்கென்று மார்க்கர் தீர்ந்துவிட்டது. ஸ்கோர் எழுதுகிறவரின் நீல ஸ்கெட்ச் பேனாவில் போட்டார்கள்.

காலை ஜெபம் முடிந்ததும் அம்மா அந்தக் கையெழுத்துக்கு நேராகக் கண்ணாடியைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள்வார். பெட்டிக்குள் கிடந்தவரை அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை. ஷோகேஸ் எதற்கு என்று உறவினர்கள் கேட்டபோதெல்லாம் நான் நினைத்துக்கொண்டது இதைத்தான்.

வீட்டுக்குள் நுழைந்து பையை வைக்காமலே பார்த்தேன். கூரை ஒழுகவில்லை. சுவர் காய்ந்திருந்தது. கதவும் சரி. ஆனால் மேல்தட்டில், என் டிசைனில் இல்லாத ஒரு பொருள் — பீங்கான் கிண்ணம். அதில் பாதி கரைந்த கல்லுப்பு. கிண்ணம் நிரம்பி, தட்டின் விளிம்புவரை உப்புத்தண்ணீர் ஓடி, சொட்டுச் சொட்டாகக் கீழே...

பந்தின் ஒரு பக்கம் முழுக்க நீலம். பெயர்கள் இல்லை. வெறும் நீலம்.

“இது எப்பம்மா இங்க வந்துது?”

அப்பாதான் சொன்னார்.

“கல்லறைத் திருநாளுக்கு வந்தவங்க எல்லாம் ஷோகேஸையே பாத்துக்கினு நின்னாங்கல்ல? கண்ணு பட்டுடும்னு மறுநாளே கோயில்ல ஃபாதர்கிட்ட உப்ப மந்திரிச்சு வாங்கியாந்து வச்சிட்டா.”

எங்கள் அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. கிண்ணத்தில் இருந்ததும் அவர் பாத்தியில் விளைந்த உப்புதான். மழைக்காலக் காற்றில் உப்பு தண்ணீர் விடும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அடுப்படியில் உப்பு ஜாடிக்கு அடியில் அம்மா எப்போதும் ஒரு தட்டு வைத்திருப்பார் — கசியும் என்று.

“ஜாடிக்குத் தட்டு வைக்கிறேனேடி... இதுக்கு வைக்கலியே,” என்றார் அம்மா கடைசியில். “மந்திரிச்ச உப்பாச்சே. அவனோடத காப்பாத்தத்தானே வச்சேன்? அதுவும் கசியும்னு எனக்குத் தோணவே இல்லடி.”

“எனக்குத் தோணுச்சு,” என்றார் அப்பா தரையைப் பார்த்தபடி. “மானம் மூடுனப்பவே தோணுச்சு. மந்திரிச்சத நான் எப்படி எடுத்துப் போடறது? எடுத்தா இவ மனசு என்னா ஆவும்?”

யாரைக் கோபித்துக்கொள்வது? உப்பையா? அது எப்போதும் செய்வதைத்தான் செய்தது. ஆபீசில் இப்படி ஒரு கோளாறு நடந்தால் காரணம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். வீட்டில் அந்த வரியை எழுத முடியாது. பாசம் கூடினால் நமக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்தான் முதலில் மறந்துபோகிறது. மறக்காதவருக்கோ கை வருவதில்லை.

மற்றதெல்லாம் பத்திரம். மார்க்கரில் போட்டவை அசையவில்லை.

“யாருன்னே தெரியாதவனுங்க கையெழுத்து எல்லாம் கல்லு மாதிரி நிக்குது பாரு,” என்றார் அப்பா. சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

சாயங்காலம் ஸ்டீபன் அண்ணன் வந்தார். அந்தத் தோற்ற டீமில் அவரும் உண்டு. பந்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, தயங்கித் தயங்கி, “ஆன்ட்டி... நான் போட்டுத் தரட்டுமா?” என்றார்.

“என்னாத்த?”

“அவன் கையெழுத்த. காலேஜ்ல அவனுக்கு அட்டெண்டன்ஸ் எல்லாம் நாந்தான் போடுவேன். அவன் எங்கனா கிரவுண்டுல நிப்பான். ஒரு தடவ அவனே போட்டதப் பாத்து, இது உன்னோடது இல்லன்னு சார் அவன வெளிய அனுப்பிட்டாரு.”

அம்மா சிரித்துவிட்டார். அந்த இரண்டு நாளில் அதுதான் முதல்முறை என்று அப்பா பிறகு சொன்னார்.

ஸ்டீபன் அண்ணன் பேப்பர் ஓரத்தில் போட்டுக் காட்டினார். முதல் எழுத்தின் அந்த நீண்ட வால், பெயருக்கு அடியில் இழுத்த கோடு, கோட்டின் முடிவில் ஒரு புள்ளி. ஜெரோமேதான். போட்டால்தான் என்ன என்று நானும் நினைத்தேன். அம்மா சாப்பிடுவார். காலையில் தொட்டுக்கொள்ள ஓர் இடம் இருக்கும். யாருக்கு என்ன நஷ்டம்?

அம்மா பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“அப்படியே இருக்குதுப்பா.”

“அப்ப போட்டுடட்டுமா ஆன்ட்டி?”

“வேணாம்பா. அப்படியே இருக்குது, அதான் வேணாம். நாளைக்கு நான் அதத்தானே தொட்டுக் கும்புடுவேன்?”

ஸ்டீபன் அண்ணன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

“உன் பேரும் அழிஞ்சி போச்சேப்பா. உன்னோடத வேணா போட்டுக்கோ,” என்றார் அம்மா.

“இருக்கட்டும் ஆன்ட்டி. அவனோட சேந்துதானே போயிருக்குது.”

பந்தைத் துடைத்துக் காயவைத்து, பெயர்கள் மிஞ்சியிருந்த பக்கம் தெரிகிற மாதிரி நான் நடுத்தட்டில் வைத்தேன். காட்சிக்கு வைப்பதென்றால் நல்ல பக்கத்தைத்தானே காட்டுவோம்? மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் பந்து திரும்பியிருந்தது. நீலக் கறை முன்னால். கண்ணாடியில், அதற்கு நேராக, அம்மாவின் விரல் பட்ட தடம்.

மேல்தட்டில் கிண்ணம் இல்லை. மந்திரித்த உப்பைக் கீழே கொட்டக் கூடாது, கால் படக் கூடாது என்பார்கள். என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. மத்தியானம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். அம்மாவும் சாப்பிட்டார்.

மீன் குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. யாரும் சொல்லவில்லை.