அத்தை கேட்ட சீர்

லாதாய்க்கு எங்கள் தீவில் இருப்பது தகரம் வேய்ந்த ஓர் அறையும் கலோ என்ற மகளும்தான். புருஷன் மீன் பிடிக்கப் போய்க் கடலோடு போய்விட்டான். ஆனால் தம்பி செமிசி வீட்டு விசேஷம் என்றால் அவள் மகாராணி. எங்கள் டோங்கா நாட்டில் பிள்ளைகளுக்கு அப்பாவின் அக்காதான் உசத்தி; அத்தை கேட்டதை யாரும் மறுக்கக் கூடாது.

அக்காவும் தம்பியும் சின்னவர்களாக இருந்தபோது பெரியப்பா ஒருவர் தலைநகரில் வைத்துப் படிக்கவைக்க ஒரு பிள்ளையைக் கேட்டார். பையனை அனுப்பினார்கள். செமிசி இன்று பெரிய அதிகாரி. இவள் மரப்பட்டையை அடித்துத் துணியாக்கி வயிற்றைக் கழுவுகிறாள். முன்வரிசையில் உட்காரவைத்து வணங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா என்று பக்கத்து வீட்டிலிருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செமிசி மகளின் இருபத்தொன்றாம் பிறந்தநாளில் கேக்கின் மேல்தட்டையும், இங்கே பொன்னாக மதிக்கும் உயர்ந்த பாய்களையும் அத்தைக்குச் சீராக லாதாய் முன் வைத்தார்கள். அவள் தொடவில்லை.

"பாயெல்லாம் வேணாம் தம்பி. கலோவ உன் வீட்டுல வச்சுப் படிக்க வை."

"உங்க இஷ்டம்க்கா" என்றான் செமிசி, தலையைக் குனிந்தபடி.

அவன் மனைவி சிரித்தாள். "அண்ணி கேட்டா இல்லேன்னு சொல்ல முடியுமா? வீட்டுலயும் வேல கெடக்கு."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. லாதாய் சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள்.

கலோவை அனுப்பிச் சில மாதம் கழித்து, ஈஸ்டருக்கு முந்தின வாரம், அவளைப் பார்க்க லாதாய் கிழங்கு மூட்டையோடு கப்பலேறினாள், துணைக்கு நானும். செமிசி வீட்டுப் பின்கட்டில் கலோ பள்ளிச் சீருடைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் மாமா பிள்ளைகளுடையவை.

"உன்னோடது எங்கடி?"

"அவங்க பள்ளிக்கூடத்துல எனக்கு எடம் கெடைக்கலம்மா. பரீட்ச பூரா இங்கிலீஷு. அவங்களுக்குச் சின்னதுலேர்ந்தே டீச்சர் வீட்டுக்கு வந்து சொல்லித் தந்தாங்களாம். எனக்கு யாரு?"

"வேற பள்ளிக்கூடம் இல்லயா?"

"அப்புறம் பாக்கலாம்னாங்க மாமி."

செமிசி வாசலோடு நின்றுவிட்டான். அக்கா இருக்கும் அறைக்குள் தம்பி வரமாட்டான், அவ்வளவு மரியாதை.

"வெறுங்கையோட போகக் கூடாதுக்கா. டிவிய எடுத்துக்குங்க. பிரிட்ஜ் வேணும்னாலும்..."

"நான் கேட்டது ஒண்ணு தம்பி. அத விட்டுட்டு வீட்டையே அள்ளிக் குடுக்குற."

அடுத்த கப்பலில் மூவரும் திரும்பினோம். லாதாய் மகளின் கையை மடியில் வைத்து, சூடுபட்ட தழும்புகளைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"மரப்பட்ட அடிக்க நல்ல கை" என்றாள். சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.