சேவியர் போடாத முப்பது டிக்

போன வாரம் குளியலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. முகப்பேரில் நான் தனியாக இருக்கும் இந்த வீட்டில் என்னைத் தவிரச் சத்தம் போடுவது அது ஒன்றுதான் என்பதால், இரண்டு நாள் துணைக்கு இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன். மூன்றாம் நாள் வாளி வழிந்தது. வேறு வழியில்லாமல் ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

"வாஷர் இன்னா சைஸ் சார்? அரையா, முக்காலா?" என்றார் கடைக்காரர்.

திருதிருவென்று முழித்தேன். தண்ணீர் குழாய்க்குள் எப்படி ஓடும் என்று கணக்குப் போட்டே இத்தனை வருஷம் சோறு தின்றவன் நான். என் வீட்டுக் குழாயின் வாய் எவ்வளவு என்று தெரியாது. "எதுக்கும் ரெண்டையும் குடுங்க" என்றேன். அவர் ஒரு டப்பாவைத் திறந்தார். புது ரப்பர் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. அதற்குப் பிறகு அவர் மீதிச் சில்லறை கொடுத்தாரா, நான் வாங்கினேனா, ஒன்றும் நினைவில்லை.

அந்த வாசனை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கூரைக் கட்டடத்தின் வாசனை. கீழே சோதனைக்கூடம், பெரிய தண்ணீர்த் தொட்டி, பம்பு, ஆள் புகுந்து போகிற அளவுக்குக் குழாய்கள், மூட்டுகளுக்குப் போட வந்து இறங்கிய ரப்பர் வளையங்கள். மேலே ஒரு சின்ன அறை. அதில் இரண்டு கணினிகள், ஒரு ஏ.சி., நானும் சேவியரும். ஏ.சி. எங்களுக்காக இல்லை, கணினிகளுக்காக. அவற்றுக்குச் சூடு ஆகாதாம். நாங்கள் இரண்டு பேரும் மே மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஆவடியிலிருந்து ரயிலில் கசங்கி வேர்த்து வந்து சேர்ந்து, ஸ்வெட்டரை மாட்டிக்கொள்கிற பைத்தியக்காரன் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

சேவியர் நசரத்பேட்டைக்காரன். பூந்தமல்லி வந்து இரண்டு பஸ் மாறி வருவான். ஆனாலும் எனக்கு முன்னால் வந்துவிடுவான். அவன் டிபன் பாக்ஸைத் திறந்தால் வஞ்சிர மீன் குழம்பு வாசனை அந்த ஏ.சி. அறையில் சாயங்காலம் வரை போகாது. "சைவக் கணினி பாவம் மச்சான், உனுதுதான், மூக்கப் பொத்திகினு கீது பாரு" என்பான். என் கணினி தண்ணீருக்கு, அவனுடையது இரும்புக்கு. அதுதான் எங்கள் வேலைப் பிரிவினை.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். பெரிய தண்ணீர்க் குழாய்களுக்குள் ஒரு கதவு இருக்கும். தண்ணீர் முன்னே போனால் திறக்கும், திரும்பி வந்தால் சாத்திக்கொள்ளும். அந்தக் கதவு தாங்குமா, உடையுமா என்று செய்வதற்கு முன்னாலேயே கணக்கில் பார்த்துச் சொல்ல வேண்டும். சிக்கல் என்னவென்றால், தண்ணீர் அடித்தால் கதவு வளையும். கதவு வளைந்தால் தண்ணீர் போகிற வழி மாறும். வழி மாறினால் அடி மாறும். அடி மாறினால் கதவு வேறு மாதிரி வளையும். ஒன்றைத் தனியாகக் கணக்குப் போட்டு முடித்துவிட்டு இன்னொன்றுக்குப் போக முடியாது. இறுகப் பிணைந்த கணக்கு என்று இதற்குப் பெயர்.

மாடியிலிருந்து இரண்டு பேர் பீரோ இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு படி இறங்கி, "வெச்சிட்டியா?" என்று மேலே இருப்பவன் கேட்பான். "வெச்சிட்டேன்" என்று கீழே இருப்பவன் சொன்ன பிறகுதான் அடுத்த படி. எங்கள் பிழைப்பும் அதேதான். ஒவ்வொரு கணத்தையும் நாங்களும் படி என்றுதான் சொல்வோம். தண்ணீரின் அழுத்தத்தை நான் கணக்கிட்டு, பென் டிரைவில் போட்டுப் பின்பக்கம் நீட்டுவேன். திரும்பிப் பார்க்கக்கூட மாட்டேன், அவன் கை அங்கே இருக்கும். கதவு எவ்வளவு வளைந்தது என்று அவன் கணக்கிட்டுத் திருப்பிக் கொடுப்பான். மறுபடி நான், மறுபடி அவன். இப்படி ஆறேழு தடவை போய் வந்தால், அவன் எண்ணும் என் எண்ணும் மாறாமல் நின்றுவிடும்.

"ஒத்துச்சா மச்சான்?"

"ஒத்துச்சுடா."

உடனே ஒரு நோட்டில் அந்தப் படியின் எண்ணை எழுதி, நான் ஒரு டிக், அவன் ஒரு டிக். இரண்டு டிக் விழாமல் அடுத்த படி கிடையாது. யாரும் போட்ட சட்டமில்லை, நாங்களே வைத்துக்கொண்டது. ஒரு நாளைக்கு ஐந்து படி ஓடினால் பெரிய விஷயம். நடுவில் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது அவன் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பாடப்போகிற பாட்டை முணுமுணுப்பான். சுருதி சுத்தமாகச் சேராது. சொன்னால் கோபம் வரும்.

இப்போது யோசித்தால், என் வாழ்க்கையில் ஒரு ஆளோடு அத்தனை தடவை ஒரே நாளில் பேசியது அந்த இரண்டு வருஷம்தான்.

அப்படி ஒரு கதவின் வேலை முடிய இன்னும் முப்பது படி பாக்கி இருந்தபோது, சேவியர் மனைவிக்கு வலி கண்டது. தலைப்பிரசவம். பூந்தமல்லியில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அங்கிருந்து போன் செய்தான்.

"மச்சான், மூணு நாளு வர முடியாதுபோலக்கீது. நான் வர்ற வரைக்கும் அடுத்த ஸ்டெப்பு போவாத. சும்மா குந்திகினு இரு."

"சரிடா, நீ அங்க பாரு" என்றேன்.

அன்று மத்தியானமே எங்கள் சார் வந்தார். அந்த நிறுவனமே அவருடையதுதான். நல்ல மனுஷன், ஆனால் அவசரம். "சனிக்கிழமை ரிப்போர்ட் போயாகணும்பா. முடியுமா, முடியாதா?" என்றார். முடியாது சார், அவன் வரட்டும் என்று ஒரு வாய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைப் பார்த்து அவர் ஒரு தடவைகூட சபாஷ் என்று சொன்னதில்லை, அந்த ஆசைதான். "முடிச்சிடலாம் சார்" என்றேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

நான் செய்தது இதுதான். சேவியர் கடைசியாகக் கொடுத்த வளைவை எடுத்துக்கொண்டேன். கதவு அதே வளைவில் அப்படியே நிற்கிறது என்று வைத்துக்கொண்டு, தண்ணீரை மட்டும் முப்பது படிக்கும் ஓட்டினேன். அவன் கணினியைத் தொடவே இல்லை. ஒரே பகலில் முடிந்துவிட்டது. திரையில் அழுத்தத்தின் கோடு வழவழவென்று, பார்க்கப் பார்க்க அழகாக வந்தது. வராமல் என்ன செய்யும்? கதவை அசையவிட்டால்தானே ஆடும்! நோட்டில் என் டிக்கைப் போட்டேன். பக்கத்தில் அவன் டிக்கையும் நானே போட்டேன். முப்பது.

சனிக்கிழமை காலையில் ரிப்போர்ட் போனது. சபாஷும் கிடைத்தது. அதற்குப் பிறகு சேவியர் லட்டோடு வந்தான். பெண் குழந்தை.

"இன்னாடா, முட்ச்சிட்டியா? எப்டி?"

"உன் சாஃப்ட்வேரையும் நானே ஓட்டிட்டேன்டா. எல்லாம் நல்லா ஒத்துச்சு."

"பாருடா! ரெண்டு ஆளு வேலையத் தனியா பாத்துகினான் நம்ம ஆளு!" என்று என் முதுகில் தட்டி, வாயில் ஒரு லட்டைத் திணித்தான். நான் மென்று விழுங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து கதவு செய்து வந்தது. கீழே குழாயில் பொருத்தித் தண்ணீரைத் திருப்பினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கதவு படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. மேலே எங்கள் மேசை அதிர்ந்தது. நாங்கள் கீழே ஓடிவந்து பம்பை நிறுத்துவதற்குள் கீல் உடைந்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை, கடவுள் புண்ணியம். தொட்டியடித் தண்ணீரில் அந்தக் கதவு கிடந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சேவியர் மேலே போனான். தன் கணினியைத் திறந்தான். அந்த மூன்று நாளுக்கு அதில் ஒரு கோப்புகூட இல்லை. அவன் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். கணினியை மூடிவிட்டு எழுந்து, "வா மச்சான், டீ குட்ச்சிட்டு வரலாம்" என்றான்.

கடையில் டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தான். "இன்னா?" என்றான். "ஒண்ணுமில்லடா, மனசு சரியில்ல" என்றேன். வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஆட்கள் வர நான்கு நாள் இருந்தது. நான்கு நாளும் அவனாகவே என்னை டீக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனான். நான்கு நாளும் "இன்னா?" என்றான். நான் மேட்ச் பேசினேன், மழை பேசினேன், அவன் பெண்ணுக்கு என்ன பெயர் வைத்தாய் என்று கேட்டேன். அவன் கவனிக்கவில்லை என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

ஐந்தாம் நாள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது சார் நோட்டைப் பிரித்தார்.

"கடைசி முப்பது ஸ்டெப்புக்கும் ரெண்டு டிக் இருக்கு. சேவியர், நீ லீவு முடிஞ்சு வந்து, பாத்துட்டுத்தானே டிக் போட்ட?"

சேவியர் என் பக்கம் திரும்பினான். அவசரமே இல்லாமல் பார்த்தான். நான் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"ஆமா சார்" என்றான் அவன்.

கதவு வளைவதைச் சொல்ல வேண்டியவன் அவன்தானே. அன்று சாயங்காலமே அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மீன் குழம்பு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, "வரேன் மச்சான்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். கைக்குழந்தைக்காரன். நான் பஸ் ஸ்டாப் வரைக்கும்கூட அவனோடு போகவில்லை. என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது, இருந்தும் மறுநாள் வேலைக்குப் போனேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் நசரத்பேட்டைக்குப் போகத் தைரியம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. சேவியர் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறையில் வரைபடம் போடும் வேலையில் இருந்தான். முடி பாதி போயிருந்தது. நாற்காலி போட்டான், காப்பி வந்தது. ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதை விட்டுவிட்டு, காப்பியை ஊதிக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு டிக் போட்டது நான்டா" என்றேன் ஒருவழியாக.

"தெரியும்."

"அப்ப ஏன்டா ஆமான்னு சொன்ன?"

"நான் போடலன்னு சொன்னா, நீன்னு ஆயிடும். அத நீயே சொல்லணும். நாலு நாளு பாத்துகினே இருந்தேன். நீ வாயத் தொறக்கல. அப்பால இன்னா, வுட்டுட்டேன்" என்றான். கோபமே இல்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன். காப்பி ஆறுது, குடி என்றான்.

தொழிற்பேட்டையில் அந்தக் கட்டடம் இப்போது இல்லை. பார்சல் கிடங்கு கட்டியிருக்கிறார்கள். பென் டிரைவ் தேவையில்லை, நோட்டு தேவையில்லை. தண்ணீருக்கும் இரும்புக்கும் இப்போது ஒரே மென்பொருள். தானே கேட்டுக்கொள்கிறது, தானே சொல்லிக்கொள்கிறது, ஒத்துப்போனதும் திரையில் ஒரு வரியைக் காட்டிவிட்டு அடுத்த படிக்குப் போகிறது. நான் வீட்டிலிருந்தபடியே ஓட்டுகிறேன். சில நாள் பால் பாக்கெட் வாங்கும்போது பேசுவதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

வாஷர் வாங்கி வந்த அன்று குழாயை விட்டுவிட்டு, பழைய எண்களைத் தோண்டி எடுத்து அந்த முப்பது படியையும் ஒழுங்காக ஓட்டிப் பார்த்தேன். பதினோராவது படியிலேயே கதவு ஆடத் தொடங்கிவிட்டது. சேவியர் அறையில் இருந்திருந்தால் அங்கேயே கையைப் பிடித்து நிறுத்தியிருப்பான். உடனே அவனுக்கு போன் போட்டேன்.

"சேவியர், பதினொண்ணுலயே தெரிஞ்சிருக்கும்டா!"

"எது பதினொண்ணு?"

சொன்னேன். கதவு, முப்பது படி, நோட்டு, எல்லாம் முதலிலிருந்து. பின்னால் பட்டறையில் யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"ஒடஞ்சது ஞாபகம் கீதுப்பா. இந்த ஸ்டெப்பு, நம்பரு, அதெல்லாம் சுத்தமா மறந்து பூட்ச்சு" என்றான். "வேற இன்னா? ஒடம்பு நல்லா கீதா?"

நல்லாயிருக்கு என்றேன். அந்தக் கணக்கு தெரிந்த ஆள் இந்த உலகத்தில் நாங்கள் இரண்டே பேர்தான் இருந்தோம். இப்போது நான் மட்டும்தான்.