நிலைப்படி ஏறிய டாங்கி

என் கணவர் தொடை எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோதுதான், ஒரு பொம்மை டாங்கியின் வயிற்றுக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று எனக்குத் தெரியவந்தது. அதற்கு முன்பு அந்தச் சாமானைக் கண்டாலே எனக்கு எரிச்சல். துபாயில் இருக்கும் அவருடைய சிநேகிதர் ஒருமுறை வந்தபோது கொடுத்துவிட்டுப் போனது. முழங்கை நீளத்துக்கு மேலிருக்கும், ரிமோட்டில் ஓடும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாற்பது வயது மனுஷர் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதை ஓட்டிக்கொண்டிருப்பார். தேங்காய் துருவித் தர ஆளிருக்காது.

நாங்கள் அப்போது மலையாளக் கரையில், ஸ்ரீவராகத்தில் இருந்தோம்; வீட்டுத் தமிழிலும் மலையாளம் கலந்திருக்கும். இந்த நூற்றாண்டு பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் மூன்றே பேர்: அவர், நான், என் மாமியார். நான் காலையில் ஆபீஸுக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவேன். ஒரு மழைநாளில் அவருடைய ஸ்கூட்டர் சறுக்கியது. தொடையில் பிளேட் வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் சொல்லும்வரை கால் தரையில் படக்கூடாது.

வலியை அவர் பொறுத்துக்கொண்டார். யாரையும் கூப்பிடுவதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. தலைமாட்டில் ஒரு மணி வைத்தேன். அதை அவர் தொட்டதே இல்லை. பகலில் பெட்பேன் வைக்க மாமியாரைத்தான் கூப்பிட வேண்டும். அவருக்கு முழங்கால் வலி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். வயதான அம்மாவிடம் அதைக் கேட்பதற்குக் கூச்சப்பட்டு, இவர் ஒரு வழி கண்டுபிடித்தார்: தண்ணீர் குடிக்காமல் இருப்பது. நான் வரும்வரை அடக்கிக்கொண்டு கிடப்பார். உதடு வெடித்திருக்கும். கேட்டால், "ஏய், தாகமே இல்லை" என்பார். கொஞ்ச நாளில் நீர்க்கடுப்பு வந்தது. டாக்டர் கடுமையாகச் சொல்லிவிட்டார், தண்ணீர் நிறையக் குடிக்காவிட்டால் கிட்னியில் கல் வரும், அப்புறம் இந்தக் கால் வலியெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றும் என்று.

பக்கத்தில் ஒரு பானைத் தண்ணீர் வைத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. எங்கள் வீட்டில் அது நடக்காது. பெட்பேன் இருக்கும் அறையில் குடிக்கிற ஜலம் வைக்கக்கூடாது என்பது மாமியாரின் சட்டம். வேண்டும்போது அடுக்களையிலிருந்து ஒரு சொம்பு கொண்டுவரலாம், குடித்ததும் சொம்பு வெளியே போய்விட வேண்டும். நான் சண்டை போட்டுப் பார்த்தேன். அவருக்குத் தெரியாமல் கட்டிலுக்கடியில் ஒரு பாட்டிலை ஒளித்தும் வைத்தேன். அம்மா பிள்ளை இரண்டு பேரும் சேர்ந்து அதை வெளியேற்றினார்கள். "அவ மனசு கஷ்டப்பட வேண்டாம். சாரமில்லை, போகட்டும்" என்றார் இவர். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பாட்டிலை வீசிக் கொல்லையில் போட்டேன்.

அப்போதுதான் அவர் டாங்கியைக் கேட்டார். அதன் மேல்கூண்டைக் கழற்றிவிட்டு, கூண்டு சுற்றுகிற வளையத்தில் ஒரு எவர்சில்வர் டவராவைத் திருகாணி போட்டு முறுக்கினார். டவராவுக்குள் சிறிய சொம்பு கச்சிதமாக உட்கார்ந்தது. இனிமேல் டாங்கியே அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவரும், யாரையும் கூப்பிட வேண்டாம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிக்கத் தோன்றவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அந்த முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சம் கண்டேன்.

அவருடைய அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு நிலைப்படி. கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே இன்னொன்று. பழைய வீட்டு மரம், இரண்டு மூன்று விரற்கடை உயரம். டாங்கி முதல் படியில் மூக்கை வைத்தது, முன்பக்கம் எழும்பியது, அப்படியே மல்லாந்து விழுந்தது. சக்கரங்களைச் சுற்றிவரும் பிளாஸ்டிக் பட்டை கழன்று தொங்கியது. ஒரு பலகையைச் சாய்த்து வைக்கலாமே என்றேன். "அம்மா அதுல தடுக்கி விழுந்தா இன்னொரு கட்டில் போடணும்" என்றார். அதுவும் நியாயம்தான்.

மாமியார் இதையெல்லாம் கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பிளாஸ்டிக் சனியன் அடுக்களைக்குள்ள வரப்படாது, கேட்டியா? பெட்பேன் கிடக்கற ரூம்லேந்துன்னா உருண்டு வரது!" என்றார்.

துபாய் சிநேகிதருக்குப் போன் போனது. அங்கே இந்த டாங்கிகளுக்கென்றே உலோகச் சாமான்கள் விற்கிறார்களாம். ஊருக்கு வருகிற யாரோ ஒருவரிடம் ஒரு ஜோடி உலோகப் பட்டை கொடுத்தனுப்பினார். கனமாக இருந்தது. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனி, நடுவில் மெல்லிய ஊசி கோத்து இணைத்திருந்தார்கள். கையில் பிடித்துத் தொங்கவிட்டால் ஒட்டியாணம் மாதிரி வளைந்தது. நானே அதைக் கொஞ்ச நேரம் வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமியாரும் வாங்கிப் பார்த்தார். "இது என்ன, ஈயமா?"

"ஏதோ உலோகம்தான் அம்மா" என்றார் இவர்.

"அப்படின்னா தோஷமில்லை. உலோகத்தைத் தேய்ச்சு அலம்பிட்டா தீட்டு போயிடும்."

"மேல முழுக்கப் பிளாஸ்டிக்தானே?" என்று நான் வேண்டுமென்றே கிளறினேன்.

"தரையத் தொடறது எது? அதுவாக்கும் கணக்கு" என்றார். எந்த வக்கீலும் இவ்வளவு சுருக்கமாக வழக்கை முடித்திருக்க மாட்டார்.

உலோகப் பட்டை போட்டதும் டாங்கி மல்லாந்து விழவில்லை. கனமெல்லாம் தரையோடு இருப்பதால் முன்பக்கம் தூக்குவதில்லை என்று அவர் விளக்கினார். ஆனால் பட்டையை இழுக்கிற பிளாஸ்டிக் பல்சக்கரம் இரண்டே நாளில் மொட்டையாயிற்று. அதற்கும் உலோகம் வந்தது. உடனே உள்ளே கியர்பாக்ஸ் கறகறவென்று கத்தி நின்றுவிட்டது. திறந்தால் வெள்ளைப் பிளாஸ்டிக் சக்கரங்களின் பல்லெல்லாம் உதிர்ந்து கிடந்தன. எனக்கு இது பெரிய ஆச்சரியம். பலமான ஒன்றைப் போட்டால் வண்டி முழுக்கப் பலமாகும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி ஆகவில்லை. அதுவரை பட்டை வாங்கிக்கொண்டிருந்த இழுப்பு பல்சக்கரத்துக்குப் போனது, அங்கிருந்து கியருக்குப் போனது. அடுத்து எது போகும் என்று ஆபீஸில் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தேன். சக்கரங்களைத் தாங்கும் கைகள்தான் போகும் என்று நான் சொன்னேன், மோட்டார்தான் என்று அவர் சொன்னார். உலோகக் கியர்பாக்ஸ் வந்து மாட்டிய அன்றே சக்கரக் கைகள் வளைந்து டாங்கி வயிறு தரையில் உரசியது. நான் ஜெயித்த சந்தோஷத்தில் அன்றைக்கு அவியலில் உப்புப் போட மறந்தேன்.

இதற்குள் எனக்கும் பைத்தியம் தொற்றிவிட்டது. ஆபீஸ் விட்டதும் கோட்டை பஸ் ஸ்டாப்பில் இறங்கி, சாலைக் கடைத்தெருவில் திருகாணி, கிரீஸ், சின்ன ஸ்பிரிங் என்று தேடி அலைவேன். அவர் மார்புக்குக் குறுக்கே பலகை வைத்து, படுத்தபடியே கழற்றுவார். உதிரிகள் உருண்டு ஓடாமல் இருக்க நான் அப்பளத் தட்டைப் பிடித்துக்கொண்டிருப்பேன். மெழுகிய சிவப்புத் தரையில் உலோகப் பட்டை வழுக்கியது, மரப்படியில் மட்டும் நன்றாகக் கடித்துப் பிடித்தது. அது ஏன் என்று ஒரு முழுச் சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் அப்படிப் பேசிக்கொண்டது குறைவு. ஆனாலும் பகலில் அவர் தண்ணீர் குடிப்பது மட்டும் கூடவே இல்லை. டாங்கி தயாராகட்டும் என்பார். எனக்கு உள்ளுக்குள் பயம் அரித்துக்கொண்டே இருந்தது.

எல்லாம் மாட்டி முடித்து, ஒரு வியாழக்கிழமை டாங்கி முதல் படியைக் குலுங்காமல் தாண்டியது. நாங்கள் இருவரும் கைதட்டினோம். மறுநாள் காலையில் ஓட்டிப் பார்த்தால் அது நேராகப் போகவில்லை. இடது பக்கமாகவே வட்டம் போட்டது. மோட்டாரை மாற்றி மாட்டினார், பாட்டரியைச் சார்ஜ் செய்தார், கியர்பாக்ஸைத் திறந்து மூடினார். வட்டம் நிற்கவில்லை. நான் டாங்கியைத் தலைகீழாகப் பிடித்து, இடது பட்டையை விரலால் சுற்றிப் பார்த்தேன். கண்ணிகள் மடங்காமல் விறைத்திருந்தன. வெள்ளிபோல் இருந்த உலோகம் கறுத்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். இரண்டு கண்ணிகளுக்கு நடுவே ஒரு புளிநார் சிக்கியிருந்தது.

"அம்மா, இதைத் தேய்ச்சேளா?" என்று கேட்டேன்.

"பின்னே? வெள்ளிக்கிழமையாச்சே. விளக்குத் தேய்க்கறச்சே இதையும் புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சேன். பளபளன்னு ஆகும்னு பாத்தா கறுத்துன்னா போச்சு! ஒரு பக்கம் தேய்ச்சதோட விட்டுட்டேன். மட்டமான உலோகம். அந்தத் துபாய்க்காரன் உங்களை நன்னா ஏமாத்திட்டான்."

நான் வாயைத் திறப்பதற்குள் அறையிலிருந்து ஒரு சத்தம். அவர் சிரிக்கிறார். கால் அதிர்ந்து வலிக்கிறது, "ஐயோ" என்கிறார், மறுபடி சிரிக்கிறார். மாமியார் ஒன்றும் புரியாமல் பார்த்தார், பிறகு அவரும் சிரித்தார். திட்டுவதற்காக நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் வீணாயின.

துருப்பிடித்த ஊசிகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்து, சாலைக் கடைத்தெருவில் வாங்கிய கம்பியை நறுக்கிக் கோத்து, தையல் மெஷின் எண்ணெய் விட்டோம். இனிமேல் அலம்பக்கூடாது என்று மாமியாரிடம் கெஞ்சினேன். கடைசியில், பூஜைக் கரண்டியான உத்தரணியால் ஒரு சொட்டு ஜலம் தெளிப்பேன், அதற்குமேல் இறங்கி வரமாட்டேன் என்று ஒப்பந்தமானது.

அடுத்து ஒத்திகை. நான் அடுக்களையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பேன். டாங்கி இரண்டாவது படியும் ஏறி இறங்கி வரும். நான் சொம்பில் தண்ணீர் ஊற்றுவேன். அது திரும்பிப் போகும். முதலில் பாதித் தண்ணீர் டவராவில் சிந்தியது. படியின் உச்சியில் ஒரு நொடி நிறுத்தி, பிறகு மெல்ல இறக்கினால் சிந்தவில்லை. படுக்கையிலிருந்து அவருக்கு அடுக்களைப் படிவரைதான் தெரியும். அதற்குள்ளே சத்தத்தை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அதிலும் கை தேர்ந்தார். தயார், நாளையிலிருந்து நிஜமாகவே ஓடும் என்று அறிவித்தார்.

மறுநாள் ஞாயிறு. மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். நான் கொல்லையில் துணி தோய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கடகடவென்று சத்தம் வர, சோப்புக் கையோடு அடுக்களையின் கொல்லை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். டாங்கி படி இறங்கி, தரையில் கொஞ்சம் வழுக்கி, தண்ணீர்க் குடத்தடியில் சரியாக வந்து நின்றது. சொம்பு காலியாக இருந்தது. குடம் மேடைமேல் இருந்தது. ஊற்ற ஆளில்லை.

இத்தனை வாரம் இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டோம், ஊற்றுவது யார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே! வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். டவரா மெல்ல இடது பக்கம் சுற்றியது, வலது பக்கம் சுற்றியது. அவர் அங்கே என்ன செய்கிறார் என்று தெரியவில்லை. இரண்டு எட்டு வைத்தால் நான் ஊற்றிவிடலாம். ஏனோ கால் நகரவில்லை. என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது.

டாங்கி பின்னால் நகர்ந்தது. திரும்பியது. காலிச் சொம்போடு படியை நோக்கிப் போனது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இப்படியே திரும்பிப் போகும், அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார், சாயங்காலம் தாகமே இல்லை என்பார். மனுஷர் இப்படியே தன்னை அழித்துக்கொள்வாரோ? டாங்கி படியில் பாதி ஏறி நின்றது. மோட்டார் சத்தமும் நின்றது.

"ஏய்..." என்று கேட்டது. தொண்டை வறண்டு கரகரத்த குரல். "ஏய், இருக்கியா? எனக்குக் குடிக்க வெள்ளம் வேணும்."

கையைப் புடவையில் துடைத்தேனா இல்லையா தெரியாது. வேறொரு சொம்பை நிரப்பிக்கொண்டு டாங்கியைத் தாண்டி ஓடினேன். ஒரே மூச்சில் குடித்தார். தண்ணீர் கழுத்தில் வழிந்தது. அவரும் துடைக்கவில்லை, நானும் துடைக்கவில்லை. காலிச் சொம்பை என்னிடம் நீட்டினார்.

"இன்னொண்ணு கொண்டு வா" என்றார். "அப்பறம் பெட்பேன் வேண்டி வரும். கூப்பிடறேன்."