நைனாவை ஏற்றி வந்த மோட்டார் படகு

என்னைப் பெற்ற நைனாவுக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்ற செய்தி உப்புத் தோணிக்காரர் ஒருவர் மூலமாகத்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. எனக்குக் கல்யாணமாகி அப்போது நான்கு வருஷம். அந்த நான்கு வருஷமும் நைனா என்னோடு பேசவில்லை. என் வீட்டுக்காரரோடு அவர் அதற்கு முன்பும் பேசியதில்லை.

அம்மா இல்லாமல் வளர்ந்த பெண் நான். என்னைத் தன் அக்கா மகனுக்குக் கொடுப்பதாக நைனா வாக்குக் கொடுத்திருந்தார். காட்டுப்பள்ளிப் பக்கத்து உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் ஒருநாள் நின்றுபோய், அதைச் சரி செய்ய ராயபுரத்திலிருந்து ஒரு ஃபிட்டர் வந்தார். மூன்று நாள் வேலை. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அதற்குப் பிறகு அத்தை மகனைக் கட்டிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. ராயபுரத்துப் பெரியம்மா வீட்டுக்கு ஓடி வந்தேன். பெரியம்மாதான் முன்நின்று மாதா கோயிலில் எனக்கும் அந்த ஃபிட்டருக்கும் கல்யாணத்தை நடத்தி வைத்தாள். நைனா வரவில்லை. வாக்குத் தவறியவன் என்று ஊர் தன்னைச் சொல்லும்படி ஆக்கிவிட்டாள் என்பதுதான் அவருக்கு என்மேல் இருந்த கோபம். அதில் நியாயம் இல்லை என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன்.

வாலிபத்திலிருந்து கால்வாயில் உப்புத் தோணி தள்ளிய மனுஷர், கண் தெரியாமல் தோணியிலிருந்து தண்ணீரில் விழுந்துவிட்டாராம். கஞ்சிக் கலயத்தையே தடவித்தான் எடுக்கிறாராம். தோணிக்காரர் சொல்லிவிட்டுப் போனதும் நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் என் வீட்டுக்காரர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பட்டணத்துக் கண்ணாஸ்பத்திரிக்குப் போய் விசாரித்து வந்தார். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் கூட்டிவந்தால் படுக்கை கிடைக்கும், புரையாக இருந்தால் அறுத்து எடுத்துவிடலாம் என்று சொன்னார்களாம்.

எண்ணூர் வரை வந்துவிட்டால் ரயில் இருக்கிறது. நைனா எண்ணூருக்கு வருவதுதான் கஷ்டம். மணலில் அவரால் நடக்க முடியாது. கழி போட்டுத் தள்ளும் தோணியில் வந்தால் ரயிலைப் பிடிக்க முடியாது. அதனால் மோட்டார் படகை எடுப்பது என்று இவர் முடிவு செய்தார்.

அந்த மோட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் ஞாயிற்றுக்கிழமை சவாரிக்காக எண்ணூரில் ஒரு சின்னப் படகு வைத்திருந்தார். படகின் பின்பலகையில் மாட்டுகிற மோட்டார் அது. உச்சியில் ஒரு சக்கரம், அதில் கயிற்றைச் சுற்றி ஒரே இழுப்பாக இழுத்தால் கிளம்பும். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் தொட்டி. அந்தத் துரை சீமைக்குத் திரும்பும்போது, வருஷக்கணக்காக அதைப் பழுதுபார்த்து வந்த இவரிடமே படகையும் மோட்டாரையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். எண்ணூரை ஒட்டிய முகத்துவாரக்குப்பத்தில் தெரிந்த ஒருவர் வீட்டோரம் படகு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அங்கே போன இவர் இருட்டும்போதுதான் வந்தார். கை முழுக்கப் பச்சைப் பெயின்ட். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

திங்கள் காலை நாங்கள் இருவரும் போனோம். மோட்டார் ஒரு இடத்திலும் நிற்காமல் ஓடிற்று. நைனா குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தார். என் குரலைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் எழுந்து உள்ளே போகவில்லை. ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னேன். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வரேன். அந்தாளு கூட நான் பேச மாட்டேன்," என்றார். இவர் இரண்டடி தூரத்தில் நின்றிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார். நைனாவுக்கு அது தெரிந்திருக்காது.

கிளம்புவதற்கு முன் இவர் தொட்டியில் பெட்ரோல் ஊற்றினார். அந்த வாடை பட்டதும் நைனா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு குமட்டினார். நான்தான், மூடியை நன்றாக இறுக்குங்கள், வாடை வருகிறது என்றேன். இவரும் துணியைச் சுற்றிப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கி இறுக்கினார்.

பத்து நிமிஷம் ஓடியிருக்கும். மோட்டாரின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது, இரண்டு முறை இருமியது, நின்றுவிட்டது. இவர் மூடியைத் திறந்து பார்த்தார். பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டுக் கயிற்றை இழுத்தார். கிளம்பிவிட்டது. மறுபடி பத்து நிமிஷம். மறுபடி அதே மாதிரி நின்றது.

இந்தத் தடவை நன்றாகவே பார்த்தார். முதலில் பிளக்கைக் கழற்றினார். அது காய்ந்துபோய்க் கிடந்தது. அப்படியானால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று கார்புரேட்டரின் அடியிலிருந்து கொஞ்சம் உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வடிகட்டி வலையைக் கழற்றிக் கழுவினார். தொட்டிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவிலிருக்கும் குழாயை வாயில் வைத்து ஊதினார். காற்று தாராளமாகப் போயிற்று. தொட்டி மூடியைத் திறந்து வைத்து, குழாயை மாட்டித் திருகைத் திறந்தார். பெட்ரோல் தடையில்லாமல் ஒழுகிற்று. எல்லாவற்றையும் பூட்டி, மூடியை இறுக்கிக் கயிற்றை இழுத்தார். ஓடிற்று. அவர் முகத்தில் நிம்மதி வந்தது. கால்வாய் கழிமுகத்தில் சேரும் இடத்துக்கு வந்தபோது அது மூன்றாம் முறையும் நின்றது.

அது நிற்கக் கூடாத இடம். கடல் வடியும் வற்றம் தொடங்கிவிட்டதால் தண்ணீர் முழுக்க முகத்துவாரத்தைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது. மணல் திட்டுக்கு அப்பால் அலை உடையும் சத்தம் எனக்குக் கேட்டது. படகு மெல்லப் பக்கவாட்டில் திரும்பி அந்தப் பக்கம் போக ஆரம்பித்தது. இவர் கயிற்றை இழுத்தார், இழுத்தார், மோட்டார் கிளம்பவில்லை.

நைனா கேட்காமலே கையை நீட்டினார். அடியில் கிடந்த கழியை எடுத்துக் கொடுத்தேன். அவர் எழுந்து, காலை அகட்டி நின்று, கழியை இறக்கித் தரையைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு தரம் இடம் மாற்றிக் குத்தினார். மூன்றாவது தரம் சேறு கழியைப் பிடித்துக்கொண்டது. உடம்பின் கனம் முழுவதையும் அதன்மேல் சாய்த்து அப்படியே நின்றார். படகு நின்றுவிட்டது. அந்தக் கண்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தண்ணீரின் போக்கு அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

இவர் மறுபடி மூடியைத் திறந்தார். அப்போது நைனா என்னைப் பார்த்து, அதாவது என் குரல் வந்த பக்கம் பார்த்துச் சொன்னார்.

"மூடியத் தொறக்கறப்பல்லாம் இஸ்ஸுனு ஒரு சத்தம் வர்தும்மா. மூணு தபாவும் வந்துச்சு. அது இன்னானு கேளு."

எனக்கு அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. இவருக்கும் கேட்டிருக்கவில்லை. ஆனால் நைனா சொன்ன மாத்திரத்தில் இவர் அப்படியே உறைந்து நின்றார். பிறகு மூடியை இறுக்கிவிட்டு, கீழே குழாயைக் கழற்றிப் பிடித்தார். பெட்ரோல் ஒழுகியது, நூலாக மெலிந்தது, சொட்டாகி நின்றது. மூடியைத் திறந்தார். இப்போது நானும் கேட்டேன், தொட்டி மூச்சை இழுப்பது மாதிரி ஒரு சத்தம். பெட்ரோல் மறுபடி கொட்டிற்று.

தொட்டிக்குள் காற்று போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். அதற்காக மூடியின் நடுவில் குண்டூசி பருமனில் ஒரு துளை உண்டு. அந்தத் துளையில் பச்சைப் பெயின்ட் காய்ந்து அடைத்திருந்தது. காலையில் பெயின்ட் ஒட்டிக்கொள்ளுமே என்று மூடியைத் தளர வைத்திருந்ததால் ஓரத்து வழியாகக் காற்று போயிருக்கிறது. நான் இறுக்கச் சொன்னதும் அந்த வழியும் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் அவர் பார்ப்பதற்காகத் திறந்ததில் காற்று உள்ளே போய், இன்னும் பத்து நிமிஷத்துக்கு மோட்டார் ஓடியிருக்கிறது.

தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் துளையைக் குத்திச் சுத்தம் செய்தார். காதுவரை சிவந்திருந்தார். எதற்கு இப்போது போய்ப் பெயின்ட் அடித்தீர்கள் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், பயந்திருந்தேனே. அவர் தலையைத் தூக்காமல் பதில் சொன்னார்.

"துருப் பிடிச்சுக் கலீஜா இர்ந்துச்சு. மாமா ஏர்ற படகு ஆச்சேன்னு அட்ச்சேன்."

கண் தெரியாதவருக்காகப் பெயின்ட் அடித்திருக்கிறார் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது போலிருந்தது. நைனா கழியில் சாய்ந்தபடியே இருந்தார். அவருடைய தாடை மட்டும் அசைந்தது.

"இன்னா கலரு மாப்ளே?" என்றார்.

"பச்சை, மாமா."

"நல்லா இர்க்கும்," என்றார் நைனா. பிறகு, "கயித்த இய்த்து வுடு, நான் கழிய எடுக்கறேன்," என்றார்.

மோட்டார் கிளம்பியது. எண்ணூர்க் கரை சேரும்வரை நிற்கவில்லை. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெட்ரோல் வாடை தாங்கவில்லை என்று இருவரும் நினைத்திருக்கலாம்.

நாங்கள் பிடிக்க வேண்டிய ரயில் போய்விட்டிருந்தது. அடுத்ததற்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். நைனாவின் கால் சேற்றை இவர் தண்ணீர் மொண்டு வந்து கழுவிவிட்டார். வேண்டாம் என்று நைனா ஒரு தரம் காலை இழுத்துக்கொண்டார். இரண்டாம் தரம் இழுக்கவில்லை. இருட்டுவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

கண்ணை அறுத்த பிறகு தலைக்கு இருபுறமும் மணல் பை வைத்து, அசையாமல் கிடக்க வேண்டும் என்றார்கள். இவர் வேலை முடிந்து நேராக அங்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வந்தது, எது போனது என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு கண்ணில் பார்வை வந்தது. இன்னொன்று வரவேயில்லை. தடித்த கண்ணாடி போட்டுவிட்டார்கள். அதோடு நாற்பது நாள் எங்கள் வீட்டில் இருந்தார். அத்தை மகனுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருப்பதை அப்போதுதான் சொன்னார், ஏதோ ஊர்ச் செய்தி சொல்வதுபோல. ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்தான் அவருக்கு முகம் மழித்துவிடுவார். தலையைக் குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மோவாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மழிப்பார்.

ஊருக்குக் கிளம்பும் அன்று நைனா என் தலையில் கை வைத்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட வேண்டும், நண்டு பிடித்து வைக்கச் சொல்லப் போகிறேன் என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம்தான் சொன்னார்.