லைசென்ஸ் தேவையில்லாத வண்டி

சேரப்பணஞ்சேரி மாரி பல வருஷம் கம்பெனி பஸ் ஓட்டியவர். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் பெண்களை ஷிஃப்டுக்கு ஏற்றி இறக்குவார். ஒருநாள் காலை, முந்தின ராத்திரி குடித்தது தெளியாமலே வண்டியை எடுத்தார். வல்லக்கோட்டை வளைவில் நின்றிருந்த ஒரு வேனின் கண்ணாடியைப் பெயர்த்தும் நிற்காமல் போனார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த சுகப்பிரியா போலீசுக்குப் போன் செய்துவிட்டாள். தென்காசிப் பக்கத்துப் பெண். இங்கே ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். போலீஸ் வந்து பஸ்ஸை மறித்தது. பஸ் நிறையப் பெண்கள் பார்க்க, குடித்ததைக் காட்டும் மெஷினில் மாரி ஊதினார். அப்போதும் அவர் வாய் அடங்கவில்லை.

"எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி" என்று அவளைப் பார்த்துக் கத்தினார். கூடவே எழுதக்கூடாத ஒரு வார்த்தையையும் சொன்னார்.

லைசென்ஸ் போயிற்று, வேலையும் போயிற்று. ஒரு குடோனில் மூட்டை ஏற்றும் வேலை கிடைத்தது. மோட்டார் பைக்கைத் தொட முடியாது. வீட்டில் இருந்தது மகன் பிரசன்னா பள்ளிக்கூட நாளில் அடம்பிடித்து வாங்கிய சைக்கிள்தான். சின்னச் சக்கரம், தடித்த டயர். மாரி மிதித்தால் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும். மூட்டை தூக்கிவிட்டு அந்த டயரை உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் உயிர் போகும்.

மோட்டார் மாட்டினால் மிதிக்க வேண்டாம். மெதுவாகப் போகிற சின்ன மோட்டார் என்றால் லைசென்ஸும் வேண்டாம். படப்பை மெக்கானிக் வேல்ராஜ் பின்சக்கரத்தைப் பிரித்து, நடுவில் மோட்டாரை வைத்து ஆரக்கம்பி பின்னிக் கொடுத்தான். பேட்டரியை மாரியே ஒரு பையில் வைத்துச் சைக்கிள் பாரில் கட்டினார். முதல் நாள் ஆக்சிலேட்டரைத் திருகியதும் சக்கரம் சுற்றாமல் அச்சு சுற்றியது. ஒயர் முறுக்கிக்கொண்டு அறுந்தது. அச்சு திரும்பாமல் பிடித்துக்கொள்ள வேல்ராஜ் ஒரு இரும்புப் பட்டை வெட்டிப் போட்டான்.

"பஸ் ஓட்டின ஆளு. இத்த ஓட்டமாட்டியாண்ணா?" என்று சிரித்தான். மாரியால் சிரிக்க முடியவில்லை.

அந்தச் சைக்கிளில் அவர் முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனார். யாருக்கும் தெரியக்கூடாது. பழைய பஸ் எதிரே வந்தால் ஓரங்கட்டி, டயரைக் குனிந்து பார்ப்பதுபோல் நிற்பார்.

ஒரு மத்தியானம் வேலை முடிந்து திரும்பும்போது கூட்டுரோட்டில் சுகப்பிரியா தனியாக நின்று வருகிற வண்டிகளுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டிருந்தாள். பஸ்ஸை விட்டுவிட்டாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. மாரி அவளைத் தாண்டிப் போனார். கொஞ்ச தூரம் போய், என்னவோ மாதிரி இருக்க, திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார்.

அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"குடிக்கலமா" என்றார். விட்டுவிட்டேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அது பொய். "இன்னிக்கு குடிக்கல."

அவள் போனில் மணி பார்த்தாள்.

"லேட்டாயிடும். இத்த எடுத்துக்கினு போ. ரெண்டு பேர இழுக்காது. மெல்லத் திருகு, பிரேக் புடிச்சா மோட்டார் தானா நின்னுடும். கம்பெனி கேட்டாண்ட விட்டுடு, நான் நடந்து வந்து எடுத்துக்கிறேன்."

"உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி கஷ்டம்?"

"போம்மா."

சீட்டு அவளுக்கு அளவாக இருந்தது. கொஞ்சம் ஆடி, பிறகு நேராகப் போனாள். அவர் வெயிலில் நடந்தார். வேலை போனதிலிருந்து அந்த கேட் பக்கமே அவர் போனதில்லை.

அவர் போய்ச் சேரும்போது முதல் ஷிஃப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. செக்யூரிட்டி மோகன் சைக்கிளைத் தன் அறை நிழலில் நிறுத்தியிருந்தான்.

"நம்ம டிரைவர் அண்ணாச்சி வண்டின்னு சொல்லிட்டுப் போச்சு அந்தப் பொண்ணு. ஷிஃப்டுக்கு கரெக்டா வந்துட்சுபா."

நம்ம டிரைவர். மாரிக்குக் காது சுட்டது. அதற்குள் பஸ் ஜன்னலிலிருந்து ஒரு பெண், "அண்ணா, நல்லாகீறீங்களா?" என்று கூப்பிட்டாள். கேலி செய்திருந்தால் முறைத்திருப்பார். இதற்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் செயின் கவரைத் துடைத்தார்.

மறுவாரம் சுகப்பிரியாவுக்குக் காலை ஷிஃப்ட். மாரி பஸ் வரும் நேரத்துக்குக் கூட்டுரோடு போனார். அன்று அவளைத் திட்டியது பஸ் நிறையப் பேர் முன்னால். தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது சரியில்லை என்று பட்டது. வரிசையில் நின்ற பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அன்னிக்கு உன்ன அப்டி பேசினது தப்புமா. நீ போன் பண்லைன்னா நான் யாரையாச்சும் சாகடிச்சிருப்பேன்."

"அந்த வார்த்தைதான் அண்ணாச்சி..." என்றாள் அவள். "எங்கப்பாகூட என்னைய அப்படிச் சொன்னதில்ல."

அவர் தலை குனிந்தார். பஸ் வந்தது. எல்லோரும் ஏறினார்கள். அவளும் ஏறினாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அதைக் கேட்க அவருக்கும் வாய் வரவில்லை. புது டிரைவர் ஹாரன் அடித்தான். மாரி வழியை விட்டுச் சைக்கிளை மண்ணில் இறக்கினார்.