ஃபேனைப் பார்க்காமல் டைப் அடிக்கலாம்

இன்று எங்கள் அரூர் புளி கொள்முதல் ஆபீஸில் காலையிலிருந்து எல்லோரும் கரண்ட் எப்போது போகும் என்று காத்திருந்தோம்.

டைப்ரைட்டரை ஓரங்கட்டிவிட்டு யூனிக்ஸ் கம்ப்யூட்டர் வைத்ததிலிருந்து, டைப்பிஸ்ட் ஜெசிந்தாவின் ஒரு கண் எப்போதும் பீரோ மேலிருக்கும் டேபிள் ஃபேன் மேல்தான். ஃபேன் நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். கம்ப்யூட்டரைப் பேட்டரி தாங்குகிற சில நிமிஷத்துக்குள் கணக்கைப் பத்திரப்படுத்த வேண்டும்.

போன வாரம் அவர் சாப்பிடப் போயிருந்தபோது கரண்ட் போய், காலையில் கம்ப்யூட்டரில் ஏற்றிய புளி எடைக் கணக்கு மொத்தமும் அழிந்தது. மூட்டை கொண்டுவந்தவர்கள் மறுபடி வரிசையில் நின்றார்கள்.

அதனால் பேட்டரியிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர் இழுத்தேன். கரண்ட் போன தகவல் அதில் வந்தால், கணக்கைத் தானே பத்திரப்படுத்திவிட்டு நின்றுகொள்ளும்படி எழுதி வைத்தேன்.

தினமும் தவறாமல் போகிற கரண்ட் இன்று போகவில்லை.

"மெயினை எறக்கிப் பாத்தரலாங்களா?" என்றார் மேனேஜர்.

"வேண்டாங்க சார். சொல்லிட்டுப் பண்ணுனா அது சோதனையாங்களா? அதுவாப் போவட்டும்" என்றார் ஜெசிந்தா.

சாயங்காலம் டீ வந்தபோதுதான் போனது. ஜெசிந்தா பழக்கதோஷத்தில் டம்ளரை வைத்துவிட்டு ஓடினார். அவர் போய்ச் சேருவதற்குள் கம்ப்யூட்டர் வேலையை முடித்திருந்தது. கரண்ட் திரும்பியதும் பார்த்தோம். ஒரு மூட்டைகூடக் குறையவில்லை.

ஃபேனைப் பார்த்தாற்போல் கோணலாகக் கிடந்த நாற்காலியை அவர் நேராகத் திருப்பிப் போட்டார்.

"இனிமே ஃபேன் நின்னா காத்து மட்டுந்தாங்க போவும்."

உங்கள் ஆபீஸில் ஃபேனைப் பார்க்கிற வேலை யாருக்கு?