பிளக் என் கையில் இருந்தது

சொன்னால் சிரிப்பீர்கள், பரவாயில்லை, இந்த மாதிரி கதைகளைக் கேட்டு நானும் சிரித்தவன்தான். எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்தவன், மீட்டர் காட்டாத எதையும் நம்பமாட்டேன் என்று ஹாஸ்டலில் பந்தயமே கட்டியிருக்கிறேன். இது நடந்தது பட்டப்பகலில், நாலு மணி வெயிலில். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் இருட்டில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டான் என்று நினைக்கக்கூடாது.

திருவாரூரில் ஒரு சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். போன குறுவை சாகுபடிக்கு ஆற்றில் தண்ணீர் வரத் தாமதம், அதனால் சுற்றுவட்டாரத்துப் போர்வெல் மோட்டார்கள் எல்லாம் பகலில் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பிக்கும், வோல்டேஜ் படுத்துவிடும், அவை நிற்கும்போது எகிறும், வீடுகளில் டிவியும் ஃபிரிட்ஜும் போய்க்கொண்டே இருக்கும், எங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. அப்படி ஒரு நாள்தான் கூத்தாநல்லூரிலிருந்து ரஹீமா அக்கா போன் செய்தார். அவருடைய மாமனார் காதர் பாய்க்கு நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாயோடு வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷினில் இருந்தார். அந்த மிஷினுக்குச் சீரான கரண்ட் கொடுக்கிற பெட்டி சிவப்பு லைட் போட்டுக்கொண்டு டக் டக்கென்று அடிக்கிறதாம்.

போய் நின்றதுமே அக்கா பதறினார்.

"தம்பி, சீக்கிரம் பாருங்க. இது நின்னா மாமா பத்து நிமிஷம் தாங்க மாட்டாங்க."

"சிலிண்டர் இருக்காக்கா?"

"காலி. மாத்திட்டு வர ஆட்டோ மன்னார்குடிக்குப் போயிருக்கு."

"இந்தப் பெட்டியில பேட்டரி?"

"எல்லாம் உள்ளயே இருக்கு தம்பி. எங்க வீட்டுக்காரர் துபாய்லேருந்து தூக்கிட்டு வந்த யூபிஎஸ்."

இங்கேதான் நான் தப்பு செய்தேன். எங்கள் பக்கத்தில் துபாயிலிருந்து வந்து, பிளக்கும் லைட்டும் இருந்தால் அந்தப் பெட்டிக்குப் பெயர் யூபிஎஸ். அது எனக்கும் தெரியும். இருந்தாலும் லேசாகத் தூக்கிப் பார்த்தேன், நெல் மூட்டை மாதிரி கனத்தது, இந்தக் கனம் பேட்டரி கனம்தான் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். பெரிய மூடியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். அவசரம், அதைவிட என் மேதாவித்தனம்.

பின்பக்கச் சின்ன மூடியைக் கழற்றினேன். லைனில் எகிறி வருகிற கரண்டைத் தன் மேல் வாங்கிக்கொண்டு மிஷினைக் காப்பாற்றுகிற சட்டைப் பொத்தான் அளவு நீலச் சில்லுகள் மூன்று அங்கே உண்டு. இரண்டு கருகி வெடித்திருந்தன. மாற்ற வேண்டுமென்றால் மெயின் பிளக்கைப் பிடுங்கியாக வேண்டும். பிடுங்கினேன். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், சில்லுகள் இருக்கும் போர்டில் கரண்ட் இல்லை. மிஷின் பாட்டுக்கு புஸ்ஸ்… டக், புஸ்ஸ்… டக் என்று ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி எடுத்துக்கொண்டது என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புதுச் சில்லுகளை ஈயம் வைத்துப் பற்ற வைக்கிற புகை கிளம்பியதும் கட்டிலில் இருந்து பெரியவர் கேட்டார். "என்ன தம்பி, வைத்தியம் எனக்கா, பொட்டிக்கா? சாம்பிராணிப் பொகை மாதிரி வருதே!"

"பொட்டிக்குத்தான் பாய். உங்களுக்குப் பார்க்க நான் படிக்கலையே."

"படிச்சவங்க பார்த்துத்தான் இப்படி ஆயிட்டேன்" என்று சிரித்தார்.

ரஹீமா அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். "மாமா… ஒரே மூச்சுல பேசிட்டீங்க!" அதுவரை ஒரு வாக்கியத்துக்கு மூன்று இடத்தில் நின்று இளைப்பாறுகிறவராம். பெரியவர் விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளவு காட்டுகிற கிளிப்பை அக்கா பார்த்தார், எனக்கும் காட்டினார். தொண்ணூற்றேழு. இத்தனை மாதத்தில் அது தொண்ணூற்றொன்றைத் தாண்டியதே இல்லையாம். என் கைராசி என்று டீ கொடுத்தார். அதையும் குடித்தேன். பிளக்கைப் பிடுங்கியதிலிருந்து எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம் இருக்கும்.

பிளக்கைச் சொருகினேன், பச்சை லைட் வந்தது, வேலை முடிந்தது. அதற்குள் ஆட்டோவில் சிலிண்டரும் வந்துவிட, பெரியவரை அதற்கு மாற்றிவிட்டு, பேட்டரி எவ்வளவு பழையது என்று பார்த்துவிடலாமே என்று பெரிய மூடியைத் திறந்தேன்.

உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர். இரும்பும் செம்புச் சுருளும். பேட்டரி இல்லை. பேட்டரி வைக்க இடமே இல்லை, அது வெறும் ஸ்டெபிலைசர்.

பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். அந்த நொடியே மிஷின் செத்தது, வீடே அலறுகிற மாதிரி அலாரம். சொருகினேன், ஓடியது. மறுபடி பிடுங்கினேன், அலாரம். நாலாவது தடவை அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துவிட்டார். "என்ன தம்பி விளையாடுறீங்க?" செக் பண்ணினேன் என்றேன்.

கடை முதலாளி கேட்டுவிட்டு, "வேற பிளக்கைப் பிடுங்கியிருப்பேடா" என்றார். இருக்கலாம் என்று நானும் ஆசைப்பட்டேன். ஆனால் அந்த போர்டை வெறும் கையால் தொட்டு வேலை செய்தேன், கரண்ட் இருந்திருந்தால் இதை எழுத நான் இருக்கமாட்டேன். உள்ளே தேங்கிய கரண்டில் ஓடியிருக்குமா என்று கணக்குப் போட்டேன், எப்படி இழுத்தாலும் ஒரு நொடியைத் தாண்டவில்லை.

இதோடு நின்றிருந்தால் மறந்திருப்பேன். பெட்டி நன்றாக ஓடுகிறது, ஆனால் காதர் பாய்க்கு மூச்சு மறுபடி பழையபடி, இப்போது அதைவிட மோசம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறாராம். வாரம் ஒருமுறை அவரே எனக்குப் போன் செய்கிறார். பேசுவதற்குள் இழுக்கிறது, இருந்தும் விடுவதில்லை.

"தம்பி… அன்னைக்கு நீங்க பிடுங்கினீங்கல்ல… அந்த இருபது நிமிஷம்தான் நான் மூச்சு விட்டேன். ஒரு தடவை… வந்து… மறுபடி பிடுங்கி விடுங்க."

முடியாது பாய், உயிர் போயிடும் என்கிறேன். அந்தப் பக்கம் மிஷின் புஸ்ஸ்… டக் என்று ஓடுகிறது. அதற்கு நடுவே அவர் மெதுவாகக் கேட்கிறார்.

"அன்னைக்குப் போச்சா?"